டிரம் கோர்: நேரில் பார்ப்பதா, வீடியோவில் பார்ப்பதா?

டிரம் கோர் என்கிற அமெரிக்க அணிவகுப்பு இசையை நான்கு வருடம் வீடியோவில் மட்டுமே பார்த்துப் பழகிவிட்டு, முதல்முறை நேரில் பார்க்கப் போனபோது, வாங்கிய டிக்கெட்டே தப்பு. இண்டியானாபோலிஸ் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் கீழிருந்து ஆறாவது வரிசை. கச்சேரி என்றால் முன்வரிசைதானே நல்லது என்கிற நம்ம ஊர்ப் புத்தி. டேட்டனில் இருக்கும் அக்கா மகன் பள்ளி பேண்டில் மெலோஃபோன் என்ற பித்தளைக் குழல் வாசிக்கிறவன். டிக்கெட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். "மாமா, கீழ உக்காந்தா படம் தெரியாதே!"

படம் என்று அவன் சொன்னது, மைதானத்தில் ஆட்கள் நகர்ந்து நகர்ந்து போடும் வடிவங்களை. வாசல் கோலத்தைத் தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? அதேதான். முன்னால் நிற்கும் இருபது பேரின் முகமும் வேர்வையும் தெரிந்தது. அவர்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது கடைசி வரை புரியவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கார்ப்ஸ் என்று எழுதுவார்கள், கோர் என்று சொல்வார்கள். பதினாறிலிருந்து இருபத்திரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைகள், பெரிய குழு என்றால் 150 பேருக்கு மேல். பித்தளைக் குழல்கள், ஸ்னேர், டெனர், பேஸ் டிரம்கள், கொடியும் மரத்துப்பாக்கியும் சுழற்றும் கலர் கார்டு. கிளாரினெட், சாக்ஸபோன் கிடையாது. கோடை முழுக்க ஒரே ஒரு நிகழ்ச்சிதான், பத்துப் பன்னிரண்டு நிமிடம். அதையே பஸ்ஸில் ஊர் ஊராக எடுத்துப்போய், பள்ளி ஜிம் தரையில் படுத்துத் தூங்கி, ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வரை செதுக்கிக்கொண்டே இருப்பார்கள். டிரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பின் முதல் சாம்பியன்ஷிப் 1972இல் விஸ்கான்சின் மாநிலம் ஒயிட்வாட்டரில் நடந்தது. 2009 முதல் இறுதிச்சுற்றின் ஊர் இண்டியானாபோலிஸ்.

சரி, எது மேல்? முதலில் சத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். வீடியோ படுதோல்வி அடையும் இடம் அதுதான். எழுபது எண்பது பேர் மைதானத்தின் பின்பக்கம் பார்த்து நின்று தணிவாக வாசிக்கிறார்கள். பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பதுபோல மங்கலாகக் கேட்கிறது. பிறகு ஒரே எட்டில் எல்லோரும் நம் பக்கம் திரும்பி, குழல் வாய்களைத் தூக்கி, மூச்சை முழுதாக விடுகிறார்கள். அந்தச் சத்தம் காதுக்கு முன்னால் நெஞ்சுக்கூட்டுக்கு வந்துவிடுகிறது. சுவாமி புறப்பாட்டில் தவிலுக்கு இரண்டடி தள்ளி நின்று கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதே தவில் ரேடியோவில் வரும்போது எப்படி டொக்கு டொக்கென்று சுருங்கிப்போகிறதோ, அந்தக் கதைதான் இங்கேயும். பதிவு செய்கிறவர்கள் உச்சம் கிறீச்சிடாமல் இருக்க அதை அமுக்கி, தணிந்த இடங்களைக் கொஞ்சம் தூக்கிவிடுகிறார்கள். கடைசியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வந்து நிற்கின்றன. வீடியோவில் தேநீர் குடித்துக்கொண்டே நான் கடந்துபோன ஓர் இடத்தில், நேரில் சுற்றியிருந்த கூட்டமே எழுந்து நின்றது. என்னையறியாமல் நானும் நின்றிருந்தேன்.

அதற்காக நேரில் கேட்பது சுத்தமான ஒலி என்று நினைத்துவிட வேண்டாம். லூகாஸ் ஆயில் அமெரிக்கக் கால்பந்துக்காகக் கட்டிய, கூரை போட்ட அரங்கு. அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கைகள். குழல்கள் நின்ற பிறகும் சத்தம் கூரையில் கொஞ்ச நேரம் உருண்டுகொண்டிருக்கும். வேகமான ஸ்னேர் அடிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கூழாகிவிடும். 2004இல் மைதானத்தின் முன்கோட்டில் நிறுத்தி வாசிக்கும் மரிம்பா, வைப்ரஃபோன் போன்ற கட்டை வாத்தியங்களுக்கு மைக் வந்தது, 2009இல் சிந்தசைசருக்கும் அனுமதி கிடைத்தது. அப்புறம் என்ன, ஸ்பீக்கருக்கு நேராக இடம் அமைந்தால் அன்றைக்கு டியூபா என்ற பெரிய அடிக்குரல் குழல்காரர்கள் பாடுபட்டு வாசித்ததெல்லாம் அதற்குள் கரைந்து போச்சு. டிரம் பகுதியின் பல நுணுக்கங்களை நான் ஊர் திரும்பி, வீடியோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஐந்து பேஸ் டிரம்கள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. ஒரே சொற்கட்டை ஆளுக்கு ஓரடியாகப் பிரித்து ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு ஓடவிடுவார்கள். அரங்கில் அது வெறும் இடிமுழக்கம். ஹெட்ஃபோனில் ஐந்து கைகளும் தனித்தனி.

ஆனால் வீடியோ அடியோடு மறைத்துவிடும் ஒரு விஷயம் உண்டு: தூரம். மைதானத்தின் அகலம் ஏறக்குறைய 49 மீட்டர். பின்கோட்டில் எழும் ஒலி முன்கோட்டுக்கு வர 0.14 வினாடி ஆகிறது. நிமிடத்துக்கு 180 தாள அடி போகும் வேகத்தில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளியே 0.33 வினாடிதான். அதாவது கிட்டத்தட்ட அரைத் தாள அடி பிசகு! அதனால் பின்னால் இருப்பவர்கள் காதை நம்பாமல், முன்னால் நின்று தாளம் காட்டும் டிரம் மேஜரின் கையைப் பார்த்து வாசிக்க வேண்டும். முன்கோட்டில் மரிம்பா வாசிப்பவர்களோ அந்தக் கையை மறந்து, பின்னாலிருந்து வந்து சேரும் ஒலியோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். நாம் கேட்கும்போது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வருகிறதென்றால், அத்தனை பேரும் வேண்டுமென்றே முன்பின்னாக வாசிக்கிறார்கள் என்று அர்த்தம். மேல்தட்டில் உட்கார்ந்தால் குச்சி தோலில் விழுவது முதலில் தெரியும், சத்தம் அப்புறம் வரும். அதைப் பார்த்த பிறகுதான் இந்தப் பிள்ளைகள் செய்வது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று எனக்கு உறைத்தது. வீடியோவில் எல்லாம் ஒட்டிச் சீராக வருவதால், அது ஏதோ இயல்பான ஒன்று என்று நான்கு வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணுக்கு வருவோம். வீடியோவில் இரண்டு வகை. ஒன்று, பல கேமராக்களில் எடுத்து வெட்டி ஒட்டியது. இன்னொன்று, ஐம்பது கெஜக் கோட்டுக்கு நேர் மேலே ஒரே கேமராவை நட்டு, முழு மைதானத்தையும் ஆடாமல் அசையாமல் காட்டுவது. பெரும்பாலானவர்கள் முதலாவதைத்தான் விரும்புகிறார்கள். எனக்கு அதன்மேல் தீராத கோபம். சிதறிக்கிடந்த 150 பேர் ஒரு வட்டமாகக் கூடும் அந்த நொடியில்தான் எடிட்டருக்கு ஒரு டிரம்பெட்காரரின் மூக்கைக் காட்டத் தோன்றும். ஆனால் நியாயமாகச் சொன்னால், கலர் கார்டின் முக பாவமும், ஆகாயத்தில் ஆறு சுற்றுச் சுற்றிய மரத்துப்பாக்கி உள்ளங்கையில் வந்து உட்காருவதும் அதில்தான் தெரியும். ஒற்றைக் கேமரா சலிப்பூட்டும் என்பார்கள். எனக்கு அதுதான் மேல்தட்டு டிக்கெட்டுக்கு மிக அருகில் வரும் பண்டம்.

வீடியோவுக்கு இன்னொரு பலம், திரும்பிப் போகலாம். ஸ்டார் ஆஃப் இண்டியானா குழுவின் 1993 நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் கைதட்ட வசதியான மெட்டுகளை விட்டுவிட்டு, பார்டோக், பார்பர் போன்ற இசையமைப்பாளர்களின் கரடுமுரடான இசை, விறைப்பான அசைவுகள். அந்தக் கோடையில் ரசிகர்கள் பலருக்கு அது ஒட்டவே இல்லை. மிசிசிப்பி மாநிலம் ஜாக்ஸனில் நடந்த இறுதிச்சுற்றில் போட்டிக் குழுவான கேடட்ஸுக்கு 97.4 புள்ளி, ஸ்டாருக்கு 97.3. அதோடு அவர்கள் போட்டியை விட்டே விலகிப்போனார்கள். அந்த வழியில் பிறந்த மேடை நிகழ்ச்சிக்கு 2001இல் அமெரிக்க நாடக உலகின் டோனி விருது கிடைத்தது தனிக்கதை. இன்றைக்கு அந்த 1993 நிகழ்ச்சியைக் கொண்டாடுகிறவர்களில் மிகப் பலர் அதை நேரில் பார்த்தவர்கள் இல்லை. பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தவர்கள்தான். ஒரே தடவையில் பிடிபடாத நிகழ்ச்சிக்கு அரங்கில் வழியில்லை.

நேர்மாறான உதாரணம் ஃபேண்டம் ரெஜிமென்ட் குழு, 2008, ப்ளூமிங்டனில் நடந்த இறுதிச்சுற்று. ஸ்பார்ட்டகஸ் கதை. 98.125க்கு 98.100 என்று 0.025 வித்தியாசத்தில் ப்ளூ டெவில்ஸ் குழுவைத் தாண்டி ஜெயித்தார்கள். அந்தப் பதிவை நான் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். கூட்டத்தின் இரைச்சல் அதில் நன்றாகவே பதிவாகியிருக்கிறது. ஆனால் எனக்கு முடிவு தெரியும். அன்றைக்கு அரங்கில் இருந்தவர்களுக்குத் தெரியாது. அந்த இரைச்சலில் பாதி அந்தத் தெரியாமைதான், அதை எந்த மைக்கும் பிடிக்காது.

இனி நேரில் பார்க்கவே முடியாதவையும் இருக்கின்றன. 1934இல் தொடங்கிய கேடட்ஸ் 2024இல் கடையைக் கட்டிவிட்டது. 1983, 84, 85 என்று தொடர்ந்து மூன்று வருடம் ஜெயித்த அந்த அணிக்கு, மைதான வடிவங்களை வகுத்துத் தந்த ஜார்ஜ் ஸிங்காலி வரைந்த வளைகோடுகளைப் பார்க்க, மங்கலான பழைய பதிவு ஒன்றே கதி. பழைய பதிவுகளிலும் ஒரு தொல்லை: பாட்டின் உரிமை கிடைக்காத இடத்தில் ஒலியை அணைத்துவிட்டிருப்பார்கள். டிரம் கோரில் ஒலி இல்லாத அரை நிமிடம் என்பது சாம்பார் இல்லாத இட்லிகூட இல்லை, இட்லியே இல்லாத தட்டு.

செலவு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹோட்டல், பெட்ரோல், மூன்று நாள் டிக்கெட் எல்லாவற்றையும் கூட்டினால் இணையத்தில் வீடியோ பார்க்கக் கட்டும் ஒரு வருடச் சந்தா சில்லறைக் காசுதான். ஆனால் நேரடி ஒளிபரப்பை மட்டும் நம்பாதீர்கள். ஒரு வருடம் முதலிடத்தை அறிவிக்க வாயைத் திறந்த நேரத்தில் என் திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. யார் ஜெயித்தார்கள் என்பதை அக்கா மகன் அனுப்பிய குறுஞ்செய்தியில் தெரிந்துகொண்டேன்.

ஒரே ஒரு தடவைதான் நேரில் போக முடியும் என்றால் இறுதிச்சுற்றுக்குப் போகாதீர்கள் என்பேன். ஜூலை நடுவில், ஏதாவது பள்ளி மைதானத்தில், கூரை இல்லாத இடத்தில் நடக்கும் சின்னப் போட்டி போதும். நிகழ்ச்சி முழுதாகத் தேறியிருக்காது, முடிவைக்கூட மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஆனால் எதிரொலி இல்லை, மேல்வரிசைகூடக் கிட்டத்தில்தான். பெரிய ஊர்களில் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில் பல ஆண்டுகள் நடந்த திறந்தவெளிப் போட்டிக்கு ரசிகர்களிடம் தனி மவுசு இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நடுக்கோட்டுக்கு நேராக, எவ்வளவு மேலே கிடைக்கிறதோ அவ்வளவு மேலே வாங்குங்கள். இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். பார்க்கிங்கில் டிரம் வரிசைகள் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கும், சுற்றி நின்று பார்க்கலாம், யாரும் விரட்டமாட்டார்கள். அந்த ஸ்னேர் தோல் கெவ்லார் என்ற பலமான செயற்கை இழையில் செய்தது, முறுக்கி முறுக்கி மேஜைப் பலகைபோல இறுக்கியிருப்பார்கள். ஒன்பது குச்சிகள் ஒரே மட்டத்தில் எழும்பி ஒரே சொடுக்காக விழுவதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தேன். அப்போது பஞ்சு எடுத்துக்கொண்டு வராததற்கு என்னையே திட்டிக்கொண்டேன்.

சென்னையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு: அங்கே சனிக்கிழமை இரவு ஏழு மணி என்றால் நமக்கு ஞாயிறு விடிகாலை நாலரை. தெரு அடங்கிக் கிடக்கும் நல்ல நேரம். ஹெட்ஃபோன் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், லேப்டாப் ஸ்பீக்கரில் டியூபா என்று ஒரு வாத்தியம் இருப்பதே தெரியாது.