மீன் தோலா, ஜெல்லி மீனா?

ஆன்டிஆக்ஸிடன்டாக வேலை செய்யும் கொலாஜன் துண்டுகளை எடுக்க எது மேல் என்பதுதான் கேள்வி. தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் இரண்டிலுமே உண்டு. முழு கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது. நொதியால் அதைத் துண்டாக்கும்போதுதான் உள்ளே மறைந்திருந்த அமினோ அமிலங்கள் வெளிப்பட்டு, செல்களைச் சேதப்படுத்தும் நிலையற்ற மூலக்கூறுகளான ஃப்ரீ ராடிக்கல்களுக்கு எலக்ட்ரானையோ ஹைட்ரஜனையோ கொடுத்து அடக்குகின்றன. பொதுவாகச் சிறிய துண்டுகளே இதில் கெட்டிக்காரத்தனம் காட்டும். ஆக, எந்த உயிரினம் என்பதைவிட எந்த நொதி, எவ்வளவு நேரம் என்பதே பெரிய விஷயம்.

மீன் தோலின் பலம் அளவு: பதப்படுத்தும் இடங்களில் குவிந்து வீணாகும் பொருள் அது. ஜெல்லி மீனில் சுமார் 95 சதவீதம் தண்ணீர், அதனால் கிடைப்பது கொஞ்சம்தான்.

என் தேர்வு மீன் தோல்தான். மீன் ஒவ்வாமை இருந்தால் மட்டும் வேண்டாம். அப்புறம், சோதனைக்குழாயில் டிபிபிஹெச் சாயம் (ஃப்ரீ ராடிக்கலை அடக்கும் திறனைச் சோதிக்கப் பயன்படும் ஊதா நிறப் பொருள்) வெளுத்தாலே உடலுக்குள்ளும் அதே பலன் கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது.