டிரஸ்டியா, செயலாளரா, இ.ஓ.வா, சி.இ.ஓ.வா?

டெல்டாவில் ஒரு தொண்டு நிறுவனம் முதல்முறையாகச் சம்பளத்துக்கு ஒரு தலைமை ஆளை வைக்கப்போகிறது என்றால், குழுக் கூட்டத்தில் பேச்செல்லாம் சம்பளம் எவ்வளவு என்பதிலேயே சுற்றும். அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், யாருடைய போனை எடுக்காமல் இருக்கலாம் என்பதை யாரும் பேசுவதில்லை. பிற்பாடு சண்டை வருவதோ அதில்தான்.

இதற்கு வெளிநாட்டு மாதிரிகளைத் தேடிப் போக வேண்டாம். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் நான்கு விதமான ஏற்பாடு கண்ணெதிரே நடக்கிறது: நிறுவனரே எல்லாமுமான டிரஸ்ட், செயலாளரை நம்பி ஓடும் சங்கம், இ.ஓ.வோடு (செயல் அலுவலரோடு) இருக்கும் கோயில் அறங்காவலர் குழு, சி.இ.ஓ. (தலைமை நிர்வாகி) நடத்தும், உழவர்களே உறுப்பினர்களான உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். பின்னவை இரண்டும் தொண்டு நிறுவனங்கள் இல்லைதான். ஆனால் குழுவுக்கும் நிர்வாகிக்கும் நடக்கும் இழுபறி எங்கும் ஒன்றே.

டிரஸ்டில் வேகம் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, தார்ப்பாய் வாங்கலாமா என்று எந்த மேனேஜிங் டிரஸ்டியும் கூட்டம் போட்டுக் கேட்க வேண்டியிருக்கவில்லை. பத்திரத்தில் ஆயுள் டிரஸ்டி என்று எழுதிவிட்டால் தேர்தல் கவலையும் இல்லை. சம்பளத்துக்கு நிர்வாகி ஒருவர் வந்து சேரும்போதுதான் சிக்கல். பெயர்ப்பலகையில் அவர் பெயர் இருக்கும், செக் புத்தகம் நிறுவனர் ஐயா வீட்டு பீரோவில் இருக்கும். களப்பணியாளர்கள் லீவு கேட்பதும் ஐயாவிடம்தான். வெளிநாட்டு நிதி வாங்கும் இடங்களில் இன்னொரு முடிச்சும் உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்த நிதியில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்பு 50 வரை இடம் இருந்தது. நல்ல ஆளுக்கு நல்ல சம்பளம் என்றதும் எல்லோரும் இந்த 20-ஐ நினைத்துப் பின்வாங்குகிறார்கள், ஐயாவே தொடர்கிறார்.

சங்கம், அதாவது சொசைட்டி, காகிதத்தில் இதைவிட ஜனநாயகம். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாம். ஆனால் நடைமுறையில் செயலாளர்தான் அஜெண்டா போடுகிறார், மினிட் எழுதுகிறார், கணக்கை வாசிக்கிறார், அந்தக் கணக்கு சரியா என்று ஓட்டும் போடுகிறார். பொருளாளர் சென்னையில் வேலையில் இருப்பார். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஒரு செக் புத்தகம் முழுக்க வெற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கரும்பைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மினிட் நோட்டில் தீர்மானம் எழுத இடம் விட்டு, காபி வருவதற்குள் எல்லோரிடமும் அடியில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். இதில் பெரும்பாலும் திருட்டு நோக்கம் இல்லை. சோம்பல்தான், அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

சண்டை வந்தால் இரண்டு தரப்பும் தனித்தனியாக, குழு மாறியதைத் தெரிவிக்கும் படிவம் 7 எடுத்துக்கொண்டு பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும். குழு கட்சியாவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையையே பெரிய கட்சி, சின்ன கட்சி என்று தனியாக நடத்தினார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் பெண்களைத் திரட்டி இன்னொரு பக்கம் நடத்தினார். 1940 வாக்கில்தான் ஒரே சபையானது. சங்கீதத்துக்கே அப்படி என்றால் தையல் பயிற்சி மையத்துக்குக் கேட்க வேண்டுமா?

கோயில் ஏற்பாடு இதற்கு நேர் எதிர். இ.ஓ.வை நியமிப்பது அறநிலையத் துறை. குழு அவரை அனுப்ப முடியாது. கும்பாபிஷேகப் பத்திரிகையில் அறங்காவலர் பெயர் மேலே இருக்கும், கோப்பில் இ.ஓ. கையெழுத்து இருக்கும். திட்ட நிதி கொடுப்பவரே மேலாளரையும் அனுப்பிவைக்கும் தொண்டு நிறுவனங்களில் இதே கதைதான். அவர் பார்வை சென்னையை நோக்கி, குழுவுக்குப் பரிவட்டம் மட்டும். ஆனாலும் இதை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். கோயில் நிலத்துக் குத்தகை பாக்கியை உள்ளூர் அறங்காவலர் தன் பங்காளியிடம் போய்க் கேட்பாரா? வெளியூர் இ.ஓ. கேட்பார்.

நான்கில் உறவைத் தெளிவாக எழுதிவைத்திருப்பது உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கான கம்பெனிச் சட்டப் பகுதிதான். குழுவில் 5 முதல் 15 வரை இயக்குநர்கள். முழுநேரத் தலைமை நிர்வாகி கட்டாயம். அவரைக் குழுதான் நியமிக்க வேண்டும், அவர் உறுப்பினராக இருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம், அதற்கு ஏழு நாள் முன்னதாக அறிவிப்பு. அறிவிப்பு அனுப்பும் பொறுப்பும் அவருடையது.

ஆனால் இங்கே குழுவே வாடிக்கையாளர். சம்பா நடவு முடிந்து மேலுரம் போடும் சமயம், கடையில் யூரியாவுக்குக் கூட்டம். இயக்குநர் ஒருவர் சி.இ.ஓ.வுக்குப் போன் செய்வார்: “தம்பி, நம்ம மச்சான் வர்றாப்ல. நாலு மூட்டை போட்டு விடுங்க. அறுவடைக்கு அப்புறம் பாத்துக்கலாம்.” உறுப்பினருக்கு ஆறு மாதம் வரை கடன் வசதி தரச் சட்டத்தில் இடம் உண்டு. இயக்குநருக்கோ அவருடைய உறவினருக்கோ கடன், முன்பணம் என்றால் பொதுப் பேரவை ஒப்புதல் வேண்டும். இந்த வரி தம்பிக்கு மனப்பாடமாகத் தெரியும். அடுத்த கூட்டத்தில் தன் சம்பளத்தைப் பேசப்போகிறவர் அந்த அண்ணன்தான் என்பதும் தெரியும். மூட்டை போகிறது. இந்த நிறுவனங்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் மூன்று ஆண்டுக்கு அதிகபட்சம் 18 லட்சம் ரூபாய் வரும்வரை சம்பளம் ஓடும். அதற்கப்புறம் இந்த பாக்கிதான் மிச்சம்.

சரி, எதை எடுப்பது? டிரஸ்டாகவோ சங்கமாகவோ இருப்பவர்கள் அப்படியே இருக்கட்டும். பதிவை மாற்றினால் செலவும் அலைச்சலும்தான். உற்பத்தியாளர் நிறுவனத்திலிருந்து இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: நிர்வாகி உறுப்பினர் இல்லை, கூட்டத்துக்கு ஏழு நாள் முன் கணக்கோடு அஜெண்டா வரும். ஓட்டுரிமை அவருக்கு வேண்டாம். எவ்வளவு தொகை வரை கேட்காமல் செலவு செய்யலாம் என்பதைத் தீர்மானமாக எழுதிவிட்டால் புயல் நேரத்திலும் கை கட்டப்படாது. இரண்டாவது கையெழுத்து அதே ஊரில் இருப்பவருடையதாக இருக்க வேண்டும். உறுப்பினர்களின் சிபாரிசு போன்கள் தலைவருக்குப் போகட்டும், முடியாது என்று சொல்லும் வேலை அவருடையது. வருஷத்துக்கு ஒரு தடவை, நிர்வாகியை வெளியே அனுப்பிவிட்டு அவர் வேலையைப் பற்றி மட்டும் குழு பேச வேண்டும். பேசியதை அன்றே தலைவர் அவரிடம் நேரில் சொல்ல வேண்டும், டீக்கடை வழியாகப் போய்ச் சேரக் கூடாது.

நிறுவனர் அதே கட்டடத்தில் தன் அறையை வைத்துக்கொண்டிருந்தால் இதில் எதுவும் நடக்காது. ஊழியர்கள் அந்தக் கதவைத்தான் தட்டுவார்கள். தலைவராக அவர் தொடரலாம், அறையைக் காலி செய்ய வேண்டும்.

ரெண்டு மூன்று பேர் மட்டும் வேலை பார்க்கும் இடத்துக்கு இவ்வளவும் தேவையில்லை. அங்கே ஒரு செயலாளரும், வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட மறுக்கும் ஒரு பொருளாளரும் போதும்.