ஊதாத் தேன்சிட்டா, லோட்டன் தேன்சிட்டா? வடசென்னையில் பிரித்தறிதல்

மாதவரம், மணலி, வியாசர்பாடிப் பகுதிகளில் முருங்கையோ செம்பருத்தியோ பூத்திருக்கும் வீட்டுக்கு வரும் தேன்சிட்டு, பெரும்பாலும் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு, லோட்டன் தேன்சிட்டு ஆகிய மூன்றில் ஒன்றாகவே இருக்கும். முதலாவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆணின் கருஞ்சிவப்பு முதுகும் மஞ்சள் வயிறும் பருவத்துக்குப் பருவம் மாறுவதில்லை. பெண்ணின் தொண்டை வெளிறிய சாம்பல் நிறம், மார்பு மஞ்சள்.

சிக்கல் மற்ற இரண்டில்தான். இரண்டின் ஆண்களும் வெயிலில் நீலமும் ஊதாவுமாக மின்னி, நிழலுக்குள் போனதும் வெறும் கறுப்பாகிவிடுவதால், மினுக்கத்தை வைத்து முடிவு செய்வதை நான் ஏற்பதில்லை. முதலில் அலகைப் பார்க்க வேண்டும். லோட்டனின் அலகு தலையைவிட நன்றாக நீண்டு அரிவாள்போல் வளைந்திருக்கும். ஊதாவின் அலகு குட்டையானது, வளைவும் மிதமானது. அடுத்து வயிறு. லோட்டன் ஆணுக்கு மார்பில் கருஞ்சிவப்புப் பட்டையும் அதன் கீழே பளபளப்பற்ற பழுப்பு வயிறும் உண்டு. ஊதா ஆணின் மார்பிலும் சில வேளைகளில் மெல்லிய பட்டை தெரியும் என்பதால், பட்டையை மட்டும் நம்பாமல் வயிறும் கருமையாக இருக்கிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பு; இருந்தால் அது ஊதா.

வாழிடமும் ஓரளவு துணை செய்யும். ஊதாத் தேன்சிட்டு வறண்ட புதர்க்காடுகளில் நன்றாகப் பிழைக்கும் பறவை. எண்ணூர்ப் பக்கத்துச் சீமைக்கருவேலப் புதர்களில் கரிய தேன்சிட்டைக் கண்டால் முதலில் அதைத்தான் நினைக்க வேண்டும். லோட்டனுக்கு மரம் செறிந்த தோட்டங்கள் பிடிக்கும். ஆனால் நகரத்தில் இரண்டும் ஒரே மரத்துக்கு வருவதால், இடத்தைச் சான்றாகக் கொள்ளாமல் குறிப்பாக மட்டுமே கொள்ளலாம்.

இனப்பெருக்கக் காலம் முடிந்த பிறகு ஊதா ஆண் தன் கரிய உடையைக் களைந்து பெண்ணைப் போலவே பசும்பழுப்பு முதுகும் மஞ்சள் அடிப்பகுதியும் பெற்றுவிடும். அப்போதும் மோவாயிலிருந்து வயிறு வரை மை இழுத்ததுபோல் ஒரு கருங்கோடு இறங்கும். பூவைக் குடைய அது தலையை நிமிர்த்தும் நொடியில் அந்தக் கோடு தெளிவாகத் தெரியும்.

பெண்களைப் பிரிக்க அலகைவிட நம்பகமான அடையாளம் இல்லை. அதையும் நேர் எதிரே பார்த்தால் நீளம் தெரியாது. பறவை பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பறந்துவிட்டால் குறிப்பேட்டில் ‘தேன்சிட்டு, பெண்’ என்று எழுதுவதே நேர்மையான பதிவு.