ஒரு காதில் பாட்டு வரவில்லையா? ‘மதர்போர்டு போச்சு’ என்றால் நம்பிவிடாதீர்கள்

ஆப்பிளின் பழைய மியூசிக் பிளேயரான ஐபாட் கிளாசிக்கை இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்காக இந்தப் பதிவு. வலது காதில் பாட்டு வரவில்லை என்று ஒருவர் கடையில் கொடுத்திருக்கிறார். "மதர்போர்டு போயிடுச்சு சார், மாத்தியாச்சு" என்று 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். பத்தே நாளில் அதே கோளாறு திரும்பியது. திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது அதே பழைய போர்டு. ஹெட்போன் செருகும் துளையான ஜாக்குக்குள் ஏதோ எண்ணெய் ஸ்பிரே அடித்திருக்கிறார்கள்; சட்டைப்பை பஞ்செல்லாம் அதில் ஊறிப் பிசுபிசுவென்று அடியில் அப்பிக் கிடந்தது. ஸ்குரூடிரைவரால் நெம்பியதில் பின்மூடியின் விளிம்பு நெளிந்துபோயிருந்தது. இது பச்சை ஏமாற்று.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கருவியில் ஹெட்போன் ஜாக் போர்டில் இல்லை. ஜாக்கும், பட்டன்கள் தவறுதலாக அழுந்தாமல் பூட்டும் ஹோல்டு ஸ்விட்சும் சேர்ந்த ஒரே பாகமாகப் பின்பக்க ஸ்டீல் மூடியில் திருகப்பட்டிருக்கும். அங்கிருந்து ஃபிளெக்ஸ் எனப்படும் மெல்லிய, வளையும் இணைப்புப் பட்டை ஒன்று போர்டுக்குப் போகும். ஜாக் தேய்ந்தால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றினால் போதும், சால்டரிங்கே தேவையில்லை.

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே சோதித்துவிடலாம். வேறு ஹெட்போனைச் செருகிப் பாருங்கள். பிளக்கை மெல்லத் திருப்பும்போது சத்தம் வந்து வந்து போனால் ஜாக்கின் தொடுதகடுதான் தளர்ந்திருக்கிறது. இசை மட்டும் கேட்டு, பாடகரின் குரல் கிணற்றுக்குள் போனதுபோல மறைந்தால் இரண்டு காதுக்கும் பொதுவான கிரவுண்டு கம்பியின் தொடர்பு விட்டிருக்கிறது: இரண்டு பக்கத்திலும் பொதுவாக இருக்கும் குரல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். கீழே உள்ள 30 பின் இணைப்பின் வழியாக டாக் ஸ்பீக்கரில் (ஐபாடையே செருகி வைக்கும் ஸ்பீக்கர்) போட்டு, இரண்டு பக்கமும் சரியாகக் கேட்டால் போர்டு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தச் சோதனையைக் கடைக்காரர் முன்னாலேயே செய்து காட்டுங்கள்.

பல நேரம் வெறும் பஞ்சுதான் காரணம். பிளக் முழுதாக இறங்காமல் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றாலே சந்தேகப்படுங்கள். அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் சுரண்டி எடுங்கள். குண்டூசி வேண்டாம், தகடு வளைந்துவிடும். மிச்சமிருக்கும் அழுக்குக்கு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சிறு பஞ்சில் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள்.

பாகம் வாங்குவதில்தான் அடுத்த குழி. 2007இல் வந்த 160 ஜிபி 13.5 மி.மீ. தடிமன், அதே ஆண்டின் 80 ஜிபி, 2008இன் 120 ஜிபி, 2009இன் 160 ஜிபி மூன்றும் 10.5 மி.மீ. எல்லாவற்றின் முதுகிலும் A1238 என்ற ஒரே மாடல் எண்தான் இருக்கும். அந்த எண்ணையோ ‘160 ஜிபி’ என்பதையோ மட்டும் சொல்லி வாங்கினால் தடிமனுக்குப் பொருந்தாத பாகம் கைக்கு வரும். ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்கள்.

திறப்பதென்றால் அவசரமே கூடாது. பக்கவாட்டுப் பிளவில் மெல்லிய தகட்டை நுழைத்து, கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். மூடி கழன்றதும் புத்தகம்போல விரித்துவிடாதீர்கள். பேட்டரிப் பட்டையும் ஜாக் பட்டையும் இரண்டு பாதியையும் பிடித்துக்கொண்டிருக்கும். பேட்டரி இணைப்பின் பூட்டை 2 மி.மீ. அளவுக்கு உயர்த்தினால் பட்டை தானே நழுவி வரும். இழுத்தால் இணைப்பே போர்டிலிருந்து பிய்ந்துவிடும், அப்போது கடைக்காரர் சொன்ன பொய் உண்மையாகிவிடும்.

கடையில்தான் கொடுப்பீர்கள் என்றால் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள், கழற்றிய பழைய ஜாக்கைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் காசு கொடுக்காதீர்கள். மூடியை அழுத்திப் பூட்டுமுன் பாட்டைப் போட்டு, பிளக்கை ஒரு முழுச் சுற்றுத் திருப்பிக் கேளுங்கள். ஹோல்டு ஸ்விட்சைத் தள்ளியதும் திரையில் பூட்டுப் படம் வந்து, திரும்பத் தள்ளியதும் மறைகிறதா என்றும் பாருங்கள்.