கடைசியில் வரும் ‘தோ’தான் என் கட்சி

சொன்னதைச் சொன்ன கையோடு கொஞ்சம் தணித்து வைப்பது ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குக் கைவந்த கலை. அதற்கென்றே குட்டிச் சொற்கள் வரிசைகட்டி நிற்கின்றன: ‘பட்’ (but), ‘ஹவெவர்’ (however), ‘தட் செட்’ (that said), ‘தென் அகெயின்’ (then again), ‘ஆல்பீட்’ (albeit), ‘மைண்ட் யூ’ (mind you), அப்புறம் வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும் ‘தோ’ (though). பிரிட்டிஷ்காரர்களும் அமெரிக்கர்களும் கலந்த ஒரு குழுவில், மற்றவர்கள் எழுதியதைப் படித்துக் கருத்துச் சொல்வது என் அன்றாட வேலை. குறையையும் நிறையையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டிய வேலை அது. எல்லாவற்றையும் புழங்கிப் பார்த்துவிட்டு, ‘தோ’வையே வழக்கமாக்கிக்கொண்டேன்.

‘பட்’ எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை வைத்து வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது என்று பள்ளியில் சொல்லித்தந்ததற்கு இலக்கண ஆதாரம் கிடையாது. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்தின் 6ஆம் வசனமே ‘பட்’ என்றுதான் தொடங்குகிறது. அதன் தொல்லை வேறு. தனக்கு முன்னால் சொன்னதை அது அடித்துவிடும். ‘ஐ ஆம் சாரி, பட்’ என்று ஒருவர் ஆரம்பித்தால், அந்த மன்னிப்பை யார் மதிக்கிறார்கள்?

‘ஹவெவர்’ கோட்டுப் போட்ட ‘பட்’. வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு வரும் நிராகரிப்புக் கடிதங்களில் பாராட்டுக்கும் மறுப்புக்கும் நடுவில் அதைப் பார்த்துப் பார்த்து, கண்ணில் பட்டதுமே மனசு கெட்ட செய்திக்குத் தயாராகிவிடுகிறது. நிறுத்தக்குறிக் கெடுபிடியும் அதிகம். இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவே வந்தால் முன்னால் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வைத்தாக வேண்டும், காற்புள்ளி மட்டும் போதாது. இந்தப் பொருளில் அதை வாக்கியத்தின் முதலில் வைக்காதே என்று அமெரிக்க ஆங்கிலப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இலேயே தன் நடைக் கையேட்டில் எழுதிவைத்தார். இன்று பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்துவதில்லை. எனக்கு மட்டும் இன்னும் நடுவில் வரும் ‘ஹவெவர்’தான் காதுக்கு இதமாக இருக்கிறது.

இப்போது ‘தோ’வுக்கு வருவோம். ஓர் அறிக்கையைப் படித்திருக்கிறீர்கள். நீளம் அதிகம், ஆனால் வாதம் தெளிவு. இரண்டையும் எழுதியவரிடம் சொல்ல வேண்டும். ‘தி ஆர்க்யுமென்ட் இஸ் கிளியர், பட் இட்ஸ் டூ லாங்’ என்றால், அவர் காதில் ‘டூ லாங்’ மட்டும்தான் நிற்கும். சரி, திருப்பிப் போட்டு ‘இட்ஸ் டூ லாங், பட் தி ஆர்க்யுமென்ட் இஸ் கிளியர்’ என்று சொல்லிப் பாருங்கள். நீளத்தை நீங்கள் மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, ஒரு பத்தியைக்கூட வெட்டமாட்டார். இதையே ‘இட்ஸ் டூ லாங். தி ஆர்க்யுமென்ட் இஸ் கிளியர், தோ’ என்று சொன்னால் நிலைமை மாறுகிறது. முதல் வாக்கியம் முற்றுப்புள்ளியோடு முடிந்துவிட்டது. குறை குறையாகவே நிற்கிறது. பாராட்டும் தன் காலில் நிற்கிறது. ஒன்று மற்றொன்றை விழுங்குவதில்லை.

எனக்கு இதில் எல்லாவற்றையும் தீர்மானித்தது சேதி வந்து சேரும் வரிசைதான். ‘பட்’, ‘ஹவெவர்’, ‘தட் செட்’ மூன்றும் முன்கூட்டியே எச்சரிக்கின்றன. ‘இதோ எதிர்ப்பேச்சு வருகிறது’ என்று அறிவித்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொல்கின்றன. கேட்பவர் அதற்குள் கவசத்தை மாட்டிக்கொண்டுவிடுகிறார். ‘தோ’வில் விஷயம் முதலில் போய்ச் சேர்ந்துவிடும், அது முன்னதற்கு மாறானது என்பது பிறகுதான் தெரியும். பேசும்போது இந்த வித்தியாசம் இன்னும் நன்றாகக் கேட்கும். அழுத்தம் ‘கிளியர்’ மேல் விழும், ‘தோ’ குரல் தணிந்து அதோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். ‘படம் கொஞ்சம் நீளம். நல்லா இருந்துச்சு ஆனா’ என்று சொல்லிப் பழகிய நமக்கு இது ஒன்றும் அந்நியமில்லை.

அதற்கு மட்டுமே கைகூடும் இடமும் ஒன்று உண்டு. சக ஊழியர் ஒருவர் உங்களுக்கு உதவப் பார்த்தார், அவர் சொன்ன வழி பலிக்கவில்லை. ‘டிட்ன்ட் வொர்க். தேங்க்ஸ், தோ’ என்று எழுதினால் போதும், அவர் முயற்சிக்கு மரியாதை கிடைத்துவிடும். அங்கே ‘ஹவெவர், தேங்க்ஸ்’ என்று போட்டால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும்.

புழங்குவதில் சில கவனம் தேவை. ‘ஆல்தோ’வைக் கடைசியில் வைக்க முடியாது, ‘தோ’வால் மட்டுமே முடியும். முன்னால் ஒரு காற்புள்ளி வைப்பது நல்லது. முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு ‘இட்ஸ் டூ லாங், தோ தி ஆர்க்யுமென்ட் இஸ் கிளியர்’ என்று ஒரே வாக்கியமாக்கினால், அது வேறு அமைப்பாகிவிடும், பாராட்டு ஒப்புக்குச் சொன்னதுபோல ஒலிக்கும். ஒரே செய்தியில் மூன்று ‘தோ’ வந்தால் பேச்சு இழுவையாகத் தெரியும். பேச்சு வழக்கில் வேர்விட்ட பிரயோகம் என்பதால் ஒப்பந்தத்திலும் ஆண்டறிக்கையிலும் அதை நான் கொண்டுபோவதில்லை. அங்கே ‘ஹவெவர்’தான்.

இரண்டாம் இடம் ‘தட் செட்’டுக்கு. ஒரு பத்தி முழுக்க ஒரு பக்கத்தைப் பேசிவிட்டு அடுத்த பத்தியில் மறுபக்கம் திரும்ப இதைவிட நல்ல கதவு இல்லை. முன்னால் கனமாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஒற்றை வரிக்குப் பின்னால் போட்டால் தீர்ப்பு வாசிக்கப்போகிற தோரணை வந்துவிடும். அதன் அண்ணன் ‘ஹேவிங் செட் தட்’டை இலக்கணக் கறார்க்காரர்கள் சிலருக்குப் பிடிக்காது. ‘ஹேவிங் செட் தட், தி பிரைஸ் இஸ் ஹை’ என்றால் விலையா பேசியது என்று கேட்பார்கள். பழகிப்போன தொடர், பாதகமில்லை. நான் குட்டையானதையே எடுத்துக்கொள்கிறேன்.

‘தென் அகெயின்’ தன் கருத்தையே சந்தேகிக்கும் இடத்துக்கு, அதற்கு மட்டும். ‘ஆல்பீட்’ செய்தித்தாள் நடைக்குப் பொருந்தும்: ‘ஹி வன், ஆல்பீட் நேரோலி’. உச்சரிப்பு ஆல்-பீ-இட், பின்னால் பெரும்பாலும் முழு வாக்கியம் வராது, சொல்லோ சிறு தொடரோதான் வரும்.

‘மைண்ட் யூ’வைப் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. குழுவில் பிரிட்டிஷ்காரர்கள்தான் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதுவும் அரட்டையில். ‘ரயில் லேட். மைண்ட் யூ, சீட் கிடைத்தது’ என்ற ரகம். ஒருவகை நெருக்கம் அதில் இருக்கிறது. அந்த நெருக்கம் என் எழுத்தில் எப்படி ஒலிக்கும் என்று நிச்சயமாகத் தெரியாததால், இப்போதைக்குக் கேட்டுக்கொள்வதோடு சரி.