வளவுக் கொட்டானா, கிளையில் துணிப்பையா, திறந்த செடியா? வண்ணத்துப்பூச்சிப் புழுக்களை வளர்க்கும் மூன்று வழிகள்

எங்கள் வீட்டுப் பின்கட்டில் நிற்கும் நார்த்தை ஐப்பசி மழையில் கொழுந்து விடத் தொடங்கினால், சில நாட்களுக்குள் எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சி அதைத் தேடி வந்துவிடும். வந்தவுடன் முட்டையிடாது. ஒவ்வோர் இலையாக அமர்ந்து, முன்னங்கால்களால் தட்டிச் சுவையறிந்து, தன் புழுக்கள் தின்னக்கூடிய இலைதான் என்று தெளிந்த பிறகே, இளங்கொழுந்தின் ஓரத்தில் கடுகளவான வெளிர்மஞ்சள் முட்டை ஒன்றை ஒட்டிவிட்டு அடுத்த கொழுந்துக்குப் பறக்கும். அந்த முட்டையைப் பார்த்துவிட்டவர் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். இலையோடு கிள்ளி வந்து வீட்டுக்குள் வைத்து வளர்க்கலாம். புழு இருக்கும் கிளையிலேயே துணிப்பை கட்டிக் காக்கலாம். எதையும் தொடாமல் செடியிலேயே விட்டு நாள்தோறும் சென்று பார்த்துவரலாம். காரைக்குடிப் பக்கத்து வீடொன்றில் மூன்றையும் செய்து பார்த்தவள் என்ற முறையில், செட்டிநாட்டு வீட்டின் அமைப்புக்கும் இவ்வூர் வெயிலுக்கும் எந்த வழி பொருந்துகிறது என்று அலசுகிறேன்.

முதலில் செடி

வழியைத் தேர்வதற்கு முன் செடியைத் தேர்ந்தாக வேண்டும். ஏனெனில் ஒவ்வொரு வகைப் புழுவும் தனக்குரிய சில செடிகளை மட்டுமே தின்னும், அவை கிடைக்காவிட்டால் பட்டினி கிடந்து மடியுமே தவிர வேறொன்றில் வாய் வைக்காது. செட்டிநாட்டு வீடுகளில் கறிவேப்பிலை இல்லாத பின்கட்டு அரிது என்பதால், பெரும்பாலானவர்கள் அதில் வரும் கறிவேப்பிலை அழகியிடமிருந்தே தொடங்குகிறார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. குழம்புக்கும் வறுவலுக்கும் நாள்தோறும் கொத்து ஒடிக்கும் வீட்டில் முட்டையும் சேர்ந்து தாளிப்புக்குப் போய்விடும். எங்கள் அப்பத்தா இப்போதெல்லாம் ஒடிக்கும் முன் கொழுந்தைத் திருப்பிப் பார்த்துவிட்டே கை வைக்கிறார். ஆனால் எல்லா அடுப்படியிலும் அதை எதிர்பார்க்க முடியாது. மேலும், ஒரு புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் பெரும்பகுதியைக் கடைசிப் பருவத்தின் சில நாட்களில்தான் தின்கிறது. தொட்டியில் இடுப்புயரம் வளர்ந்த கறிவேப்பிலையில் ஐந்தாறு புழுக்கள் ஒரே சமயத்தில் அந்தப் பருவத்தை எட்டினால், ஈர்க்கு மட்டுமே மிஞ்சும். பற்றாக்குறைக்குச் சந்தையில் வாங்கிய கறிவேப்பிலையைப் போடலாம் என்று தோன்றும், போடவே கூடாது. அதில் பூச்சிமருந்து தெளித்திருக்க வாய்ப்புண்டு. கழுவிவிட்டதாலேயே புழுவுக்கு அது நல்லுணவாகிவிடாது.

நார்த்தையிலும் எலுமிச்சையிலும் இந்த நெருக்கடி குறைவு. இலை அகலமானது, கிளை முரடானது. இந்த இலைகளைக் கிள்ளி வேப்பிலைக்கட்டி இடிக்கும் நாட்களைத் தவிர, வீட்டார் தேடுவது காயையே. எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி இரண்டுமே இவற்றில் முட்டையிடும் என்பதால், ஒரே செடியில் இரு இனப் புழுக்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க முடியும். சிறு வயதில் இரண்டும் கரும்பழுப்பில் வெள்ளைத் திட்டோடு பறவை எச்சத்தைப் போலவே கிடக்கும். கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு திடீரென்று பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னிருந்து கவட்டை போன்ற செந்நிறக் கொம்பை நீட்டி, நெடியைப் பரப்பும். இருவகைச் செடியையும் ஒப்பிட்டால், தொடங்குகிறவர்களுக்கு நான் தயங்காமல் நார்த்தையைத்தான் சொல்வேன். தோட்டக்கடையில் புதிதாக வாங்கிய கன்று என்றால் அதிலும் மருந்து தங்கியிருக்கலாம். பழைய இலைகள் உதிர்ந்து புதுக்கொழுந்து இரண்டு முறையாவது வரும்வரை பொறுத்திருப்பது நல்லது.

எருக்கு இன்னொரு போட்டியாளர். பிள்ளையார்பட்டிப் பிள்ளையாருக்கு மாலையாகும் செடிதான் வெந்தய வரியனின் புழுவுக்கும் உணவு. ஊருணிக் கரையிலும் சாலையோரத்திலும் தண்ணீர் ஊற்றாமலே வளரும் அது, சித்திரை வெயிலில் மற்றச் செடிகள் கொழுந்து விடாத நாட்களிலும் பசுமையாக நிற்கும். புழு வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டைகளோடும் மூன்று இணைக் கரிய இழைகளோடும் இலைமேல் ஒளியாமல் அமர்ந்திருக்கும். பாலிலுள்ள நச்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடத் தயங்கும். பார்ப்பதற்கு இதைவிட எளிய புழு இல்லை. ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் கடுமையாகப் பாதிக்கும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இலையைக் கிள்ளும் வேலையைப் பெரியவர்களே செய்து, உடனே கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அந்த ஒரு காரணத்தால்தான் எருக்கை இரண்டாம் இடத்தில் வைக்கிறேன்.

வயலோரத்தில் படரும் ஆடுதின்னாப்பாளை உங்கள் இடத்தில் இருந்தால் அதைப் பிடுங்கிவிடாதீர்கள். உடல் சிவந்து, கருஞ்சிறகில் சிவப்புப் புள்ளிகள் கொண்ட வண்ணத்துப்பூச்சியின் புழு அதைத்தான் தின்னும். அந்த நச்சு வண்ணத்துப்பூச்சியின் தோற்றத்தைக் கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு சாரார் அப்படியே போலச் செய்து பறவைகளிடமிருந்து தப்புகின்றன. அசலும் போலியும் ஒரே தோட்டத்தில் பறக்க, சிறகை மட்டும் நோக்காமல் உடலின் சிவப்பையும் தேடிப் பிரித்தறிவது எனக்கு இன்றுவரை சலிக்காத வேலை. முருங்கையில் அப்பிக்கிடக்கும் கம்பளிப்பூச்சியை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது அந்துப்பூச்சியின் புழு, மயிர் பட்டால் அரிக்கும். இங்கே சொன்ன புழுக்கள் எதற்கும் அத்தகைய மயிர் கிடையாது.

வீட்டுக்குள் வளர்ப்பது

செட்டிநாட்டு வீட்டுக்குள் வளர்ப்பதற்கு, நடுமுற்றமும் அதைச் சுற்றிய பத்தியுமான வளவைவிட நல்ல இடம் கிடையாது. திறந்த முற்றத்தின் வெளிச்சம் நாள் முழுவதும் இருக்கும். சுற்றுப்பத்தியின் நிழலில் நேர் வெயில் படாது. கண்ணாடிப் புட்டியையும் மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவையும் முதலில் முயன்றேன். இரண்டுமே தவறு. புழுவின் கழிவும் இலையின் ஈரமும் உள்ளே தங்கி, இரண்டாம் நாளே பூஞ்சணம் பிடித்தது. கறுத்துத் துவண்டு இறந்த புழுக்களைப் பார்த்த பிறகு அவற்றை ஒதுக்கிவிட்டு, பனையோலையில் முடைந்த பெரிய கொட்டானை எடுத்து, வாயை மல்துணியால் கட்டினேன். காற்று வந்தது, பக்கங்கள் சொரசொரப்பாக இருந்ததால் பிடிமானமும் கிடைத்தது. அடியில் விரித்த செய்தித்தாளை நாள்தோறும் மாற்ற வேண்டும். கிளையைச் சிறு குப்பியில் நீரில் நிறுத்தினால் இலை வாடாது. குப்பியின் வாயைப் பஞ்சால் அடைக்காவிட்டால் புழு இறங்கி மூழ்கிவிடும். புழுவைக் கையால் எடுக்காமல், அது இருக்கும் இலையைப் புது இலைமேல் வைத்துவிட வேண்டும். ஒரு நாள் முழுவதும் அசையாமல் கிடந்தால் நோயென்று எண்ணி உசுப்பிவிடக் கூடாது. தோலுரிக்கப் போகிறது என்று பொருள்.

இவ்வழியின் மேன்மை நெருக்கம்தான். கடைசிப் பருவப் புழு தின்பதை நிறுத்தி, நீர்த்த கழிவைக் கழித்துவிட்டு, இடம் தேடி அலைந்து, இடுப்பைச் சுற்றிப் பட்டு நூல் ஒன்றைக் கட்டிச் சாய்ந்து நிற்கும். மறுநாள் தோலைக் கழற்றிக் கூட்டுப்புழுவாகும். தோல் கழலும் அந்தச் சில நிமிடங்களைச் செடியில் வைத்துப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். கொட்டானில் விழித்திருந்தால் போதும்.

ஆனால் நம் வீடுகளுக்கே உரிய சில இடர்கள் உண்டு. மாலையில் ஏற்றும் கொசுவர்த்தியும் மின்னிணைப்பில் செருகும் கொசு மருந்தும் பூச்சிக்கொல்லிகளே. கொசுவைக் கொல்வது புழுவை மட்டும் விட்டுவிடாது. வளவு பொதுவிடம் என்பதால், ஓர் அறையில் செருகியதன் ஆவி பத்தியெங்கும் பரவும். அடுத்தது வழவழப்பு. வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவரிலும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையிலும் புழு தன் பட்டிழையை விரித்துக்கொண்டு ஏறிவிடும்; கூட்டிலிருந்து வரும் வண்ணத்துப்பூச்சிக்கோ அங்கே கால் தரிக்காது. தப்பித்துப் போய்ச் சுவரில் கூடாகிவிட்ட ஒன்றிலிருந்து வந்த எலுமிச்சை அழகி சறுக்கித் தரையில் விழுந்து, சிறகு விரியும் முன்பே காய்ந்து, சுருங்கிய சிறகோடு நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. சிறகை விரித்தால் 8 முதல் 10 செ.மீ. வரை இருக்கும் பூச்சி அது. வெளிவந்ததும் எதையாவது பற்றித் தொங்கவும், சிறகு தடையின்றி இறங்கவும் அதற்கு இடம் வேண்டும்.

கிளையில் துணிப்பை

ஒன்றரை முழத் துணியைக் குழல்போல் தைத்து, கிளைமேல் ஏற்றி, இரு முனைகளையும் நாடாவால் கட்டுவதுதான் இந்த வழி. உணவு கிளையிலேயே இருக்கிறது, வாடுவதில்லை. காற்றும் இரவுக் குளிர்ச்சியும் இயல்பாகவே கிடைக்கின்றன. இரண்டு நாட்களுக்கு ஒருமுறை கீழ் முடிச்சை அவிழ்த்துக் கழிவை உதறினால் போதும்; இலை தீர்ந்ததும் பையை அடுத்த கிளைக்கு மாற்ற வேண்டும். கட்டும் முன் அக்கிளையில் சிலந்தியோ எறும்போ கும்பிடுபூச்சியோ ஒளிந்திருக்கிறதா என்று இலை இலையாகப் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் கட்டினால், வேட்டைக்காரனையும் இரையையும் ஒரே அறையில் பூட்டியதாகிவிடும்.

துணி எது என்பதில்தான் நான் வெகுகாலம் தவறினேன். கொசுவலைத் துணி பறவையையும் ஓணானையும் பெரிய குளவியையும் தடுக்கும். ஆனால் புதிதாகக் கூடாகி இன்னும் மென்மையாக இருக்கும் கூட்டுப்புழுவைத் தேடி வந்து அதனுள் முட்டையிடும் மிகச் சிறிய குளவி ஒன்று உண்டு. கொசுவலையின் கண் அதற்கு வாசல்தான். நாட்கள் கடந்தும் விரியாத கூட்டில் ஒரு துளை விழுந்து, அதன் வழியே எள்ளைவிடச் சிறிய குளவிகள் வரிசையாக வெளிவந்ததைக் கண்ட பிறகே மல்துணிக்கு மாறினேன். மல்துணியின் குறை மழையில் தெரியும்: நனைந்தால் இலையோடு ஒட்டிக்கொள்ளும், கழிவு ஊறிக் கசியும். எனவே கார்த்திகையில் அடைமழை பிடித்தால் பையை அவிழ்த்துக் காய்ந்ததை மாற்ற வேண்டும். கோடையில் மேற்கு வெயில் படும் கிளையில் கட்டவே கூடாது.

திறந்த செடி

திறந்த செடியில் விடுவதில் செலவில்லை, உழைப்பில்லை. பெரும்பாலான புழுக்களும் மிஞ்சுவதில்லை. தையல்சிட்டு தன் குஞ்சுக்கு ஒன்றைக் கொத்திச் செல்லும், குளவி ஒன்றைத் துண்டு போட்டுத் தூக்கும், முட்டைகள் சில எறும்புக்குப் போகும். இதை இழப்பென்று மட்டும் பார்க்க எனக்கு மனமில்லை. அந்தச் சிட்டு என் தோட்டத்தில் கூடு கட்டுவதே இந்தப் புழுக்களை நம்பித்தான். முட்டையிடும் தாயின் தேர்வு, எச்சம் போன்ற வேடம் எவ்வளவு நேரம் காக்கிறது, கொம்பு நீட்டியதும் எறும்பு பின்வாங்குகிறதா என்பவற்றையெல்லாம் திறந்த செடியில் மட்டுமே பார்க்க முடியும். பதிவேடு எழுதும் பழக்கமுள்ளவர்களுக்கு இதுவே சிறந்த வழி. ஆனால் முதன்முறை வளர்க்கும் ஒரு பிள்ளையிடம் இந்த வழியைச் சொன்னால், மூன்றாம் நாள் புழு இல்லாத வெறும் இலையைக் கண்டு அழுதுவிடும்.

என் தேர்வு

எனவே நார்த்தையில் மல்துணிப் பையையே முதல் வழியாகக் கொள்கிறேன். முட்டை 3 அல்லது 4 நாட்களில் பொரிந்து, புழு இரண்டாம் முறை தோலுரிக்கும்வரை திறந்த செடியிலேயே விட்டுப் பார்த்துவிட்டு, அதன்பின் இருப்பவற்றில் நான்கைந்தை மட்டும் பைக்குள் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை சிட்டுக்கும் அவற்றின் விதிக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால், கடைசிப் பருவத்தை எட்டிய ஒரே ஒரு புழுவை மட்டும் வளவுக் கொட்டானுக்கு மாற்றி, நடுவில் ஒரு காய்ந்த குச்சியைச் செங்குத்தாக நிறுத்துகிறேன். பசுந்தண்டில் பெரும்பாலும் பச்சையாக அமையும் கூடு, காய்ந்த குச்சியில் பழுப்பாவதை அவர்கள் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

கூடாகி ஒரு வாரத்துக்குப் பிறகு மாலைதோறும் விளக்கு வைத்துப் பார்க்கிறோம். ஓட்டின் வழியே சிறகின் கறுப்பும் மஞ்சளும் தெரிந்துவிட்டால் மறுநாள் காலையில் வந்துவிடும் என்று பொருள். அன்றிரவு வீட்டில் கொசுவர்த்தி கிடையாது. எல்லோரும் வலைக்குள் படுத்துக்கொள்கிறோம், கொட்டானின் துணியை மட்டும் அவிழ்த்து வைத்துவிட்டு.