ஜாம் போத்தல் விளக்கு: கொப்பி திருத்தும் மேசைக்குத் தாங்குமா?

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதும் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் எட்டாத விலைக்குப் போனது. 1995 வரை வீடுகளுக்கு வெளிச்சம் தந்தது, கொஞ்ச மண்ணெண்ணெயில் எரியும் இந்த ஜாம் போத்தல் விளக்குத்தான். கணவர் கொழும்பில் அகப்பட்டிருக்க, பிள்ளைகளைத் தனியே பார்த்துக்கொண்டு பள்ளிக்கும் போய்வந்த ஆசிரியையின் மேசையே இதற்குச் சரியான சோதனைக்களம். பிள்ளைகள் உறங்கிய பிறகுதான் அவருக்கு மாணவர் கொப்பி திருத்த நேரம். 40 கொப்பி, ஒன்றுக்கு 3 நிமிடம் என்றால் 2 மணித்தியாலம். அதற்குப் பிறகுதான் கணவருக்குக் கடிதம்.

அந்த நேரத்துக்கு இது போதும். இரண்டு தேக்கரண்டி மண்ணெண்ணெயில், திரி சிறிதானால் இரண்டு மூன்று மணித்தியாலம் எரியும். அரிக்கன் லாந்தருக்கு அது ஒரு மணித்தியாலத்துக்கும் காணாது.

வாய் அகன்ற போத்தலாக எடுங்கள். காற்று உள்ளே வருவதும் புகை வெளியேறுவதும் அந்த ஒரே வாயால்தான். ஒடுங்கிய போத்தலில் சுடர் மூச்சுமுட்டி அணையும். அடியில் ஒரு விரல் உயரத்துக்குப் பஞ்சு. தகரத் துண்டை மெல்லிய குழாயாகச் சுருட்டி, நூல்திரி கோத்து, பஞ்சில் நிமிர்த்தி நட வேண்டும். தகரத்துக்கு மேல் திரி நெல்லளவு நீட்டினால் போதும். கூடினால் ஒளி கூடாது, கரிதான் கூடும். அரை மணித்தியாலத்தில் கண்ணாடி கறுத்துவிடும். பற்றவைக்க நெருப்புக்குச்சி வேண்டாம், அடுப்பில் பிடித்த ஈர்க்கு போதும்.

பஞ்சு நனைந்திருக்க வேண்டும், எண்ணெய் மேலே தேங்கக் கூடாது. தேங்கினால், பிள்ளை கை தட்டி விளக்குச் சரிந்ததும் மேசையெல்லாம் தீ. சூட்டோடு எண்ணெய் விடுவதும் பெற்றோல் கலந்த எண்ணெய் விடுவதும் உயிராபத்து. இந்த இரண்டிலும் சமரசமே கிடையாது.

வெளிச்சம்தான் இதன் பெரிய குறை. ஒரு கொப்பி அளவு வட்டத்துக்கு மேல் விழாது. வலக்கையால் எழுதுபவர் இடப்பக்கம் வைத்து, நாலு விரல் உயர்த்தி, பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்தால் எழுத்துத் தெளியும். சிவப்பு மை இந்த மஞ்சள் ஒளியில் மங்கும். திருத்தத்தைக் கொஞ்சம் அழுத்தி எழுதுவது நல்லது.

மூடியை எறிந்துவிட வேண்டாம். அந்த நாளில் பொம்பர் (குண்டுவீச்சு விமானம்) சத்தம் கேட்டால் ஊதி நிற்க நேரமிருக்கவில்லை. மூடியைப் போத்தல் வாயில் வைத்தால் சுடர் உடனே அடங்கும், மிச்ச எண்ணெயும் ஆவியாகாது. எரிகிற விளக்கைப் பங்கருக்குள் (பதுங்கு குழிக்குள்) கொண்டுபோகக் கூடாது, அங்கே இருக்கும் கொஞ்சக் காற்றையும் அது தின்றுவிடும்.

அன்று கடிதம் கிளாலிக் கடல்நீரேரியைத் தாண்டிப் போகிறவர் கையில் போனது. அதை எழுதுமுன் திரியை ஒருமுறை கத்தரித்துவிடுங்கள். தாளில் கரித்துகள் விழுந்தால் ஊதிவிட வேண்டும். விரலால் துடைத்தால் எழுத்தோடு சேர்ந்து இழுபடும்.